அங்கன்வாடி முதல் கிராம சபை வரை: குழந்தைகளுக்கான சேவைகளைப் புதிய வார்டு உறுப்பினர் கண்காணிக்கும் முறை

புதிதாகத் தேர்வான வார்டு உறுப்பினர் அங்கன்வாடிக்குப் போய் "எல்லாம் நல்லா நடக்குதாம்மா?" என்று கேட்டால், "நடக்குதுங்க" என்றுதான் பதில் வரும். அதோடு மேற்பார்வை முடிந்துபோகிறது. எதை எண்ணுவது, எந்தப் பதிவேட்டைக் கேட்பது, கண்டதை எங்கே எழுதி வைப்பது என்று தெரிந்தால்தான் அந்த வருகைக்குப் பலன் உண்டு. தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சியில் மூன்று மாதத்துக்குள் இந்த வேலையை எப்படித் தொடங்குவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் அதிகாரத்தின் எல்லை. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த பதினொன்றாம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. அவற்றில் பள்ளிக் கல்வி 17ஆவது, மகளிர் மற்றும் குழந்தைகள் வளர்ச்சி 25ஆவது. ஆகவே கேள்வி கேட்க ஊராட்சிக்கு இடம் உண்டு. ஆனால் அங்கன்வாடிப் பணியாளரின் நியமனமும் சம்பளமும் அரசுத் துறையின் கையில். உறுப்பினர் மெமோ கொடுக்க முடியாது, மிரட்டவும் கூடாது. மிரட்டினால் அடுத்த முறை பதிவேடு பூட்டியிருக்கும். சாவி மேற்பார்வையாளரிடம் இருப்பதாகச் சொல்வார்கள்.

படி 1: வார்டின் குழந்தைகள் பட்டியல்

200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தெரு, வீடு, குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், எங்கே படிக்கிறது, மாற்றுத்திறன் உண்டா என்று ஏழு பத்திகள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவைப் பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது. நீங்கள் 18 வயது வரை எழுதுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்தான் பல ஊர்களில் யார் கண்ணிலும் படாமல் போகிறவர்கள்.

வீடு வீடாகப் போய் எழுதுங்கள். அதன் பிறகு கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றோடும் ஒப்பிடுங்கள். வரிசையை மாற்றி, பதிவேடுகளைப் பார்த்து நோட்டில் இறக்கிவிட்டு வீடுகளுக்குப் போனால், பதிவேட்டில் விடுபட்ட குழந்தை உங்கள் நோட்டிலும் விடுபடும். விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் செங்கல் சூளைக் குடும்பத்துப் பிள்ளைகள், பாட்டி வீட்டில் விடப்பட்டவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள், மாற்றுத்திறன் காரணமாக வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டவர்கள். "வேற யாராச்சும் இந்த வீட்டுல தங்குறாங்களா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேளுங்கள். இந்த நோட்டை டீக்கடைப் பெஞ்சில் விரிக்கக் கூடாது. பூட்டி வையுங்கள்.

படி 2: அங்கன்வாடியில் ஒரு முற்பகல்

உணவு பரிமாறும் நேரத்துக்கு அரைமணி முன்பு போங்கள். கூட ஒரு பெண் உறுப்பினர் வரட்டும். பரிவாரமும் படம் பிடிப்பதும் வேண்டாம். குழந்தைகளை எண்ணுங்கள். அன்றைய வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணையும், பெயர் சேர்க்கப்பட்டவர்களின் மொத்தத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒருநாள் வித்தியாசத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். திருவிழா, காய்ச்சல், மழை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வெவ்வேறு கிழமைகளில் மூன்று முறை போன பிறகும் இடைவெளி அதே அளவில் இருந்தால்தான் அது பேச வேண்டிய விஷயம்.

அடுத்தது முட்டைக் கணக்கு. மையத்துச் சுவரிலோ பலகையிலோ உள்ள வாராந்திர உணவுப் பட்டியலைப் படியுங்கள். வாரத்துக்கு மூன்று முட்டை என்று இருந்து, உண்ணும் குழந்தைகள் 20 பேர் என்றால், வாரத்துக்கு 60, நான்கு வாரத்துக்கு 240. இருப்புப் பதிவேட்டில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். வருகை நாளுக்கு நாள் மாறும்போது முட்டைச் செலவு மட்டும் மாறாமல் ஒரே எண்ணாக ஓடினால், பதிவேட்டைத் தினமும் எழுதாமல் மாதக் கடைசியில் மொத்தமாக எழுதியிருக்கலாம். வரவே குறைவாக இருந்தால் தவறு மையத்தில் இல்லை, அனுப்புகிற இடத்தில். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பணியாளரைக் குற்றவாளியாக்குவது பெரிய அநியாயம்.

எடை பார்ப்பதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தையைக் கண்டுபிடிப்பது அந்தத் தராசுதான், அது தவறினால் மற்றதெல்லாம் தவறும். நீங்கள் எடை போடக் கூடாது, போடும்போது பார்த்தால் போதும். குழந்தை ஏறுமுன் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா? முத்திரையிட்ட ஐந்து கிலோ படிக்கல்லைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள்; ஐந்து காட்டாத தராசை அன்றே எழுதிக் கேட்க வேண்டும். செருப்பு, கனமான உடை, கொலுசு கழற்றப்பட்டதா? இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் நீளத்தைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். நிற்க வைத்தால் அளவு சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். அதனால் முறை மாறினால் வளர்ச்சி அட்டையில் புள்ளி பொய் சொல்லும்.

கைச்சுற்றளவு நாடாவும் இருக்கிறதா என்று பாருங்கள். இடது மேல்கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே சுற்ற வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் அது தீவிர ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தையை கிராம சபைக் கூட்டம் வரை காக்க வைக்கக் கூடாது. அன்றே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கிளம்புமுன் பணியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "உங்களுக்கு வேற மையத்தோட கூடுதல் பொறுப்பு இருக்கா?" காலியிடம் நிரப்பப்படாமல் ஒருவரே இரண்டு மையம் பார்த்தால் பதிவேட்டுக் குறைகளில் பாதிக்கு அதுவே காரணம். கிராம சபைத் தீர்மானத்தில் முதலில் வர வேண்டியது அந்தக் காலியிடம்தான்.

படி 3: ஊராட்சியின் சொந்த வேலை

பிறரைக் கேட்குமுன் நம் பொறுப்பில் உள்ளதைச் சரிசெய்ய வேண்டும். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா, தொட்டி கழுவிய தேதி எழுதியிருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வாசலில் தேங்கும் நீர், தெருவிளக்கு. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது அப்படி ஒரு குழியில் விழுந்துதான். வாய்ப்பகுதியில் சாக்கைத் திணித்து மண் தூவினால் மழையில் உள்வாங்கிவிடும். அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும்.

படி 4: பள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடம் உண்டு. முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். கூட்டம் நடக்காமலேயே கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்ப்பது எளிது: தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4.

ஜூன் மாதத்தில் ஒரு வேலை உண்டு. ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலைப் பள்ளியில் வாங்கி, ஒவ்வொருவரும் அடுத்த வகுப்பில் எங்கே சேர்ந்தார் என்று உங்கள் நோட்டில் குறியுங்கள். "டவுன்ல சேத்துட்டாங்க" என்ற வாய்ச்சொல் போதாது, பள்ளியின் பெயர் வேண்டும். பெயர் சொல்ல முடியாத வீட்டில்தான் ஒரு பிள்ளை வேலைக்குப் போயிருக்கும், அல்லது ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 5: பாதுகாப்பு

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஊராட்சி மன்றத் தலைவரே. முந்தைய கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். குறிப்பே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், எழுதி வையுங்கள்.

இங்கே நடக்கும் மிக மோசமான தவறு, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தையின் அடையாளம் கிராம சபையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ தீர்மானப் புத்தகத்திலோ வரவே கூடாது. குழந்தைத் திருமணம் என்றால் முகூர்த்தத்துக்கு முன்பே குழந்தைகள் உதவி எண் 1098க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்லுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியோடு நிறுத்திவிட்டால், அடுத்த மாதம் வெளியூர்க் கோயிலில் தாலி கட்டி முடித்துவிட வாய்ப்பு உண்டு. நீதிமன்றத் தடையாணை வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தத் தடையை மீறி நடக்கும் திருமணம் செல்லாது.

படி 6: தீர்மானம்

"அங்கன்வாடியை மேம்படுத்த வேண்டும்" என்ற தீர்மானத்தை எந்த அலுவலரும் கோப்பில் வைத்துவிட்டுப் போகலாம். இப்படி எழுதுங்கள்: "மையத்தின் எடைத் தராசு ஐந்து கிலோ படிக்கல்லுக்கு நாலரை கிலோ காட்டுகிறது. 30 நாளுக்குள் மாற்றித் தருமாறு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரைக் கோரவும், நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பவும் தீர்மானிக்கப்படுகிறது." என்ன குறை, யார் செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

கிராம சபைக்குக் குறைவெண், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு உண்டு: 500 மக்கள்தொகை வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைக் கையெழுத்து அதற்குக் குறைந்தால் தீர்மானத்தைக் கேள்வி கேட்க முடியும். அதனால் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தைக் கேட்டு, முன்கூட்டியே பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த அன்றே தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் வாங்கி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதை நோட்டின் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "எங்கள் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று ஒரே வரி கேளுங்கள். அடுத்த கிராம சபையின் முதல் பொருளாக, பழைய தீர்மானங்களில் எது முடிந்தது, எது நிலுவை என்பதைச் செயலர் வாசிக்க வேண்டும் என்று கேட்டு, வாசித்ததையும் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.