பன் இல்லாத பர்கர் கிண்ணம்: எங்கே தவறுகிறோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வளர்ந்தவர்களுக்கு ரொட்டியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கால் ரொட்டியைக் குடைந்து, உள்ளே பீன்ஸ் கறியோ ஆட்டுக்கறியோ ஊற்றி, குடைந்தெடுத்த துண்டை மேலே வைத்துத் தரும் பன்னி சோ (bunny chow) நம் ஊர்ச் சாப்பாடு. குழம்பு எவ்வளவு தளர இருந்தாலும் ரொட்டி குடித்துக்கொள்ளும். பர்கரில் பன் செய்வதும் அதே வேலைதான். இறைச்சியின் சாறு, சாஸ், தக்காளி விடும் தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. உப்பையும் புளிப்பையும் தணிக்கிறது. பன்னை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே கிண்ணத்தில் கொட்டினால் அந்த வேலையை யார் செய்வது? நான் பார்த்தவரை, இந்தக் கிண்ணத்தில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியது மாமனாரின் சர்க்கரைக்காக. முதல் நாள் அழகாக அடுக்கி வைத்தேன். பாதி சாப்பிட்டதும் அவர் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். "அடியில தண்ணி நிக்குது பாரும்மா" என்றார். இளஞ்சிவப்பு நிறத்தில் மயோனைஸும் தக்காளிச் சாறும் கலந்து தேங்கிக் கிடந்தது. அதில் கீரை சுருண்டு மிதந்தது. சுவை மோசமில்லை. ஆனால் அதை இரண்டாவது முறை யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தத் தண்ணீர் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, கழுவிய ஐஸ்பெர்க் லெட்யூஸை (சாலட் கீரை) ஈரத்தோடு போடுவது. சுத்தமான துணியில் சுருட்டி ஐந்து நிமிடம் வைத்தால் போதும். இரண்டாவது, தக்காளியையும் வெள்ளரியையும் முன்னதாகவே நறுக்கி உப்புப் போட்டு வைப்பது. உப்பு பட்டதும் இரண்டும் நீர் விடும். விதைப் பகுதியை எடுத்துவிட்டு நறுக்குங்கள், உப்புப் போடவே போடாதீர்கள். மூன்றாவது, இறைச்சி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. கோழி மின்ஸ் (கொத்திய இறைச்சி), இல்லாவிட்டால் ஆட்டு மின்ஸ். நால்வருக்கு 500 கிராம். அதை மொத்தமாகச் சின்ன சட்டியில் போட்டு, உடனே கிண்டத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. இறைச்சி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிறது. பர்கருக்குப் பர்கர் வாசனை தருவது அந்தப் பொன்பழுப்பு ஓரம். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க அதைவிட நிறைய வேண்டும். அதனால் அகலமான கனத்த சட்டியை நன்றாகக் காயவிட்டு, பாதி மின்ஸை மட்டும் தட்டையாகப் பரப்பி, மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். சளசளவென்று கொதிக்கும் சத்தம் மாறி, படபடவென்று பொரியும் சத்தம் வந்த பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும். அடைபோல் திருப்பிப் போட்டு, பிறகு உடைத்துவிடுங்கள். மிச்சப் பாதியையும் அப்படியே.

உப்பை எப்போது போடுவது என்பதிலும் தவறுகிறோம். பச்சை மின்ஸில் உப்பைப் பிசைந்து வைத்தால் அதிலுள்ள புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்தபின் சாசேஜ்போல ரப்பராக இருக்கும். திருப்பிப் போட்ட பிறகு தூவுங்கள், அதுவும் முக்கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சீஸ், கெர்கின் (வினிகரில் ஊறிய சிறு வெள்ளரி), சாஸ் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது, தணிக்கப் பன் இல்லை. வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். தெர்மாமீட்டர் இருந்தால் ஆட்டு மின்ஸுக்கு 71, கோழி மின்ஸுக்கு 74 டிகிரி செல்சியஸ்.

கோழி மின்ஸில் கொழுப்புக் குறைவு, ஆகவே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கேட்கும். ஆட்டு மின்ஸ் நேர் எதிர். அதன் கொழுப்பு சீக்கிரம் உறையும். குளிர்ந்த லெட்யூஸ்மேல் போட்டால் இரண்டே நிமிடத்தில் இலையில் வெள்ளை மெழுகுபோல் படிந்துவிடும், வாயின் மேலண்ணத்திலும் ஒட்டும். ஒரு கரண்டி கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். கிண்ணத்தையும் சுடுநீரில் கழுவித் துடைத்து வெதுவெதுப்பாக வையுங்கள்.

இப்போது பன்னின் வேலைக்கு வருவோம். பெரும்பாலும் லெட்யூஸை அடியில் பரப்பி அதன்மேல் சூடான இறைச்சியைக் கொட்டுகிறார்கள். இலை வதங்குவதும் சாறு கீழே இறங்குவதும் இதனால்தான். நான் இப்போது அடியில் ஓவனில் வறுத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போடுகிறேன். இறைச்சி அதன்மேல், சாறு கிழங்கில் இறங்கட்டும். லெட்யூஸ், தக்காளி, வெங்காயம் எல்லாம் பக்கத்தில். சாஸ் மேசைக்கு வந்த பிறகு, அவரவர் ஊற்றிக்கொள்வது. கிழங்கை நறுக்கியதும் குளிர்ந்த நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவி 220 டிகிரியில் அரைமணி நேரம். அதை ஓவனில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மின்ஸ் கடைசியில். வரிசையை மாற்றினால் இறைச்சி ஆறிப்போகும், பிள்ளைகள் பசியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

சர்க்கரைக்காகப் பன்னை விட்டவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பன்னைத் தள்ளிவிட்டு இரண்டு கை உருளைக்கிழங்கைப் போட்டால் கணக்கு எங்கே குறைந்தது? மாமனாரின் கிண்ணத்தில் நான்கைந்து துண்டு கிழங்கு, மீதி இடத்தில் வதக்கிய முட்டைக்கோஸ். அதுவும் சாறை வாங்கிக்கொள்ளும். சாஸிலும் சர்க்கரை ஒளிந்திருக்கிறது: ஒரு மேசைக்கரண்டி தக்காளி சாஸில் சுமார் 4 கிராம். பழச் சட்னியும் இனிப்புதான். நான்கு மேசைக்கரண்டி மயோனைஸுக்கு ஒரே ஒரு கரண்டி தக்காளி சாஸ், ஒரு தேக்கரண்டி கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய இரண்டு கெர்கின், அந்தப் பாட்டிலின் புளித்த நீர் கொஞ்சம். இது போதும்.

மசாலா விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டர்பன் மசாலாவைத் தாராளமாகப் போட்டால் கிடைப்பது கீமா. நல்ல கீமாதான், ஆனால் பர்கர் இல்லை. மிளகு, வெங்காயம், கடுகு, வினிகர் ஆகியவற்றின் சுவை மேலே நிற்க வேண்டும். காரம் இல்லாமல் முடியாது என்றால் அடுப்பை அணைத்த பிறகு அந்த மசாலாவை அரைத் தேக்கரண்டி தூவுங்கள். காய்ந்த சட்டியில் போட்டால் கருகிக் கசக்கும். இல்லாவிட்டால் வெங்காயமும் பச்சை மிளகாயும் வினிகரில் போட்ட சம்பல் பக்கத்தில் இருக்கட்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

புரட்டாசி மாதத்தில் சோயா மின்ஸ். ஊறவைத்த சோயாவை நீரோடு சட்டியில் போடுவதுதான் இங்கே நடக்கும் ஒரே தவறு. ஊறியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிழியுங்கள், நீர் சொட்டுவது நிற்கும்வரை. அதற்கென்று கொழுப்போ சாறோ கிடையாது. எண்ணெயும், நன்றாகச் சிவக்க வதக்கிய வெங்காயமும், ஒரு கரண்டி தக்காளி விழுதும் தந்தால்தான் சுவை ஏறும். சுகர் பீன்ஸ் என்ற புள்ளி போட்ட உலர் பீன்ஸை வேகவைத்து, பாதியை மசித்து, தட்டையாகச் சிவக்கவிட்டாலும் அருமையாக வரும். எங்கள் மகளுக்கு அதுதான் முதல் விருப்பம்.

வேலைக்குப் போகிறவர்கள் காலையில் உறைந்த மின்ஸைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். டர்பன் வெயில்காலத்தில் இதைச் செய்யவே கூடாது. நடுவில் ஐஸ் இருக்கும்போதே ஓரம் மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடக்கும். கிருமி பெருக அது போதும். வாங்கிய அன்றே பையில் போட்டு விரல் கனத்துக்குத் தட்டையாக அமுக்கி உறையவையுங்கள். காலையில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் தயார்.

மிஞ்சினால் கிண்ணமாகவே மூடி வைக்காதீர்கள், காலையில் திறக்கும்போது எல்லாம் சொதசொதவென்று இருக்கும். இறைச்சியைத் தனி டப்பாவில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, கொஞ்சம் கெர்கினோடு சப்பாத்தி போன்ற ரொட்டியில் சுருட்டினால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு.