ஸ்மாஷ் அப்புறம், முதலில் சர்வ்

எங்கள் பேட்மிண்டன் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணா, ஸ்மாஷை எப்படி வேகமாக அடிக்கறது?" ஸ்மாஷ் என்றால் மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது. நான் அதற்குப் பதில் சொல்லாமல், ஒரு சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, போட்டுக் காட்டச் சொல்வேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலையில் டபுள்ஸ் (பக்கத்துக்கு இருவர்) ஆடுகிற நம்மைப் போன்றவர்கள் பாயிண்டைக் கோட்டைவிடுவது ஸ்மாஷில் அல்ல. சர்வ், அதைத் திருப்பி எடுப்பது, அதற்கு அடுத்த அடி, இந்த மூன்றில்தான்.

பேக்ஹேண்ட் ஷார்ட் சர்வையே பழகுங்கள்: புறங்கை எதிராளியைப் பார்த்திருக்க, நெட்டைத் தாண்டிக் கிட்டவே விழும்படி போடுவது. நெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முன்கோட்டை ஒட்டி நின்று, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, கட்டைவிரலைத் தட்டையான பக்கத்தில் வையுங்கள். ஷட்டிலை இறகு நுனியில் பிடித்துக்கொண்டு, ராக்கெட்டைச் சற்றே பின்னால் எடுத்து, கதவைத் தள்ளுவதுபோல் தள்ளினால் போதும். அடிக்கவே கூடாது. ஷட்டில் நெட்டுக்கு இந்தப் பக்கமே உச்சிக்குப் போய், நெட்டைத் தாண்டும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏறிக்கொண்டே தாண்டினால் எதிராளிக்குக் கொண்டாட்டம். உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, அடிக்கும்போது ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். கிளப்பில் யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. அதற்காகத் தோளருகே வைத்துப் போடாதீர்கள்.

பழகும் வழி எளிது. மற்றவர்கள் வருவதற்குள் போய், நெட்டுக்கு ஒரு சாண் மேலே கயிறு கட்டி, இறகு உடைந்த பழைய ஷட்டில்களை அந்த இடைவெளி வழியாகப் போட்டுக்கொண்டே இருங்கள். அலுப்பான வேலைதான். இது கைவந்த பிறகு, அதே அசைவில் தொடங்கிக் கடைசி நொடியில் தலைக்கு மேல் தூக்கிவிடும் ஃப்ளிக்கையும் எப்போதாவது போடலாம். டபுள்ஸில் சர்வ் தாண்டக் கூடாத பின்கோடு, கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கு 76 செ.மீ. உள்ளே இருக்கிறது. நிறையப் பேர் இதை மறந்து வெளியே அடிக்கிறார்கள்.

எதிராளியின் சர்வை எடுக்கும்போது ராக்கெட் தலை நெட்டுக்கு மேல் தெரியும்படி உயர்ந்திருக்கட்டும். ஷட்டில் இறங்கும்வரை காத்திருந்தால் தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. தூக்கினால் ஸ்மாஷ் வரும். முன்னே போய் மேலேயே தொட்டு, சர்வ் போட்டவருக்கும் பின்னால் நிற்கும் அவர் பார்ட்னருக்கும் நடுவில், பக்கக்கோட்டை ஒட்டித் தள்ளுங்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

மூன்றாவது அடிக்கு ஒரே விஷயம்: சர்வ் போட்டதும் ராக்கெட்டை உயர்த்துங்கள். உயரம் போதவில்லையே என்று குறைப்படுகிறவர்களிடம் இந்தோனேசியாவின் மார்கஸ் கிடியோன், கெவின் சுகமுல்ஜோ ஜோடியைப் பார்க்கச் சொல்வேன். இருவரும் குள்ளம்தான், ஆனாலும் நெட்டருகே காட்டிய வேகத்தால் பல ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றித்தான் கிளப்பில் சண்டை அதிகம். நீங்கள் கீழ்நோக்கி அடிக்கிறீர்களா? ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. தூக்கிவிட்டீர்களா? உடனே இருவரும் பக்கம்பக்கமாக. எதிராளி அடிக்கும் அந்தக் கணத்தில் இரண்டு காலும் லேசாகத் துள்ளி ஊன்றினால், எந்தப் பக்கமும் சட்டென்று கிளம்பலாம்.

சாமான்களில் ஷூவுக்கு முதல் செலவு. ஓட்டத்துக்கான ஷூவில் குதிகால் உயரம் என்பதால் பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். ராக்கெட்டில் பின்னும் நரம்பை 22, 24 பவுண்டுக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டாம்; இறுக்கம் கூடினால் நடுவில் சரியாகப் பட்டால்தான் ஷட்டில் போகும்.

சரி, ஸ்மாஷ். முக்கால் பலத்தில், உடம்புக்கு முன்னால் ஷட்டிலைச் சந்தித்து, எதிராளி ராக்கெட் பிடித்திருக்கும் பக்கத்து இடுப்பைக் குறிவைத்து அடியுங்கள். அங்கே வருவதை எடுக்கக் கையை மடக்க இடமிருக்காது. அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அது திரும்பி வரும்.