எலக்ட்ராலிசிஸ் நாட்களில் முகத்து வெளிர்முடியை மறைக்க

லேசர், முடியிலுள்ள கருநிறமியைக் குறிவைத்தே வேலை செய்கிறது. நரைத்த முடிக்கும் வெளிறிய முடிக்கும் அது உதவாது; மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடிவேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி. அதற்கு இடுக்கியில் பிடிபடும் அளவு, 2 முதல் 3 மி.மீ. வரை, முடி வளர்ந்திருக்க வேண்டும். இடையில் திரெடிங், வாக்ஸிங் இரண்டும் கூடாது. நீண்டுவிட்டால் சின்னக் கத்தரிக்கோலால் 3 மி.மீ. விட்டு நறுக்கிக்கொள்ளலாம்.

மறைக்க நினைத்துப் பலரும் பவுடரை அப்புகிறார்கள். அதுதான் காட்டிக்கொடுக்கும்! முடிக்கு முடி மாவு ஒட்டி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தாடையில் பனி படிந்தது போலத் தெரியும்.

மாய்ஸ்சரைசர் தடவி 10 நிமிடம் விடுங்கள். பிறகு தோல் நிறத்துக்குப் பொருந்தும் லிக்விட் ஃபவுண்டேஷன், மேலுதட்டுக்கும் தாடைக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். ஸ்பாஞ்சை நனைத்து இறுகப் பிழிந்து, முடி சாயும் திசையிலேயே ஒற்றுங்கள்; கன்னத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். எதிர்த்திசையில் தேய்த்தால் படிந்த முடியெல்லாம் நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் பூச்சு வேண்டாம், திட்டுத்திட்டாகும். மினுமினுக்கும் ஹைலைட்டரைக் கன்னத்தில் தவிர்த்துவிடுங்கள். மேக்கப் நிலைக்க, பவுடருக்குப் பதில் செட்டிங் ஸ்ப்ரே.

சிகிச்சை முடிந்து குறைந்தது 24 மணி நேரம், சிவப்பும் வீக்கமும் அடங்கும்வரை, அந்த இடத்தில் மேக்கப் எதையும் பூசாதீர்கள். ஊசி இறங்கிய துளைகளில் கிருமி தொற்றும். சிறு பொருக்கு வந்தால் உரிக்காமல் விடுங்கள், தானே உதிரும். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, நன்றாக உலர்த்தியபின் எடுங்கள்.