சமூக ஒப்பந்தமும் இயற்கை உரிமைகளும் அரசியலமைப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சு கொழும்பில் எழும்போதெல்லாம், அரச அதிகாரம் மக்களின் உடன்பாட்டிலிருந்து பிறக்கிறது என்னும் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை விளக்கிய ஹொப்ஸ், லொக், ரூசோ ஆகிய மூவரின் பெயர்களும் கருத்தரங்குகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் கூடவே எழுகின்றன. உயர்தர வகுப்பில் அரசறிவியல் படித்தவர்களுக்கு இவை பழகிய பெயர்கள். அந்தப் பழக்கத்தினாலேயே சில தவறுகள் கேள்விக்கு உட்படாமல் ஆண்டாண்டாகத் தொடர்கின்றன. மாணவர்களின் விடைத்தாள்களைப் படித்துவரும் எனக்கு, இவற்றுட் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறப்பதாகவே படுகிறது: ஒப்பந்தத்தின் தரப்பினர் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

"சமூக ஒப்பந்தம் என்பது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான உடன்படிக்கை" என்று தொடங்கும் விடைகள் ஏராளம். மூவரில் எவரும் அப்படிச் சொல்லவில்லை. 1651 இல் வெளிவந்த 'லெவியதன்' நூலில் ஹொப்ஸ் விளக்கும் ஒப்பந்தம், அரசு இல்லாத இயற்கை நிலையின் அச்சத்திலிருந்து விடுபட விரும்பும் மனிதர்கள் ஒருவரோடொருவர் செய்துகொள்வது. உச்ச அதிகாரம் பெறும் இறைமையாளன் அதில் ஒரு தரப்பினனே அல்லன், ஆகவே அவன் அதை மீறிவிட்டான் என்று குற்றஞ்சாட்டுவதற்கும் ஹொப்ஸின் வாதத்தில் இடமில்லை. லொக்கிடமும் ஒப்பந்தம் மக்களுக்கிடையிலானதே. அதனால் சமூகம் உருவாகிறது. அந்தச் சமூகம் பின்னர் உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்கென அதிகாரத்தை அரசாங்கத்திடம் நம்பி ஒப்படைக்கிறது. ஒப்படைத்த நோக்கத்துக்கு எதிராகவே அது பயன்படுத்தப்பட்டால் அதிகாரம் மக்களிடம் மீள்கிறது. ரூசோ 1762 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, அரசாங்கம் இறைமை கொண்ட மக்களின் ஏவலாளர் மட்டுமே, அவர்கள் விரும்பும்போது அதை மாற்றலாம் என்றார்.

இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருப்பவருக்குத் தமக்கென உரிமைகள் இருக்கும். நம்பிக்கைப் பொறுப்பை ஏற்றவருக்கோ கடமைகளே உண்டு. 2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடி தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களில், நாட்டின் உயர் பதவிகளை வகித்த சிலர் பொது நம்பிக்கையை மீறி, 12(1) ஆம் உறுப்புரை உறுதியளிக்கும் சமத்துவ உரிமையையும் மீறினர் என்று புதுக்கடையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். பொது நம்பிக்கைக் கோட்பாடு நம் நாட்டில் நிருவாகச் சட்டத்தினூடாகவும் சுற்றாடல் வழக்குகளினூடாகவும் வளர்ந்தது. அதை லொக்கிடமிருந்து நேராக வந்ததாக எழுதினால் அது இன்னொரு தவறாகிவிடும். ஆனாலும், அதிகாரம் பதவியில் இருப்பவரின் சொத்தன்று என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

ஒப்பந்தம் எப்போது, எங்கே நடந்தது என்று தேடுவதும் வீண் வேலை. பெரும்பாலான அரசுகள் படையெடுப்பாலும் அபகரிப்பாலும் தோன்றியவை என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748 இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். வரலாற்றைச் சொல்ல வந்த கோட்பாடாக இதைப் படிப்பதைவிட, ஓர் அதிகாரம் நியாயமானதா என்று சோதிக்கும் அளவுகோலாகப் படிப்பதே பொருத்தம். விதிவிலக்குப் போன்ற ஒன்று உண்டு: மசசூசெட்ஸின் 1780 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தன் முகவுரையிலேயே அரசியல் சமூகத்தை ஒரு சமூக ஒப்பந்தம் என்று அறிவிக்கிறது. முழு மக்களும் ஒவ்வொரு பிரசையோடும், ஒவ்வொரு பிரசையும் முழு மக்களோடும் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்று அங்கே விளக்கமும் தரப்பட்டுள்ளது. அதை ஊர்ச் சபைகள் கூடி விவாதித்தே ஏற்றன.

காலவரிசையிலும் கவனம் வேண்டும். 1688 இன் ஆங்கிலப் புரட்சிக்கு லொக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' என்ற நூல் காரணம் என்று எழுதுவோர் உண்டு. அந்நூலின் பெரும்பகுதி முன்னரே எழுதப்பட்டிருந்தாலும், அது ஆசிரியர் பெயரின்றி அச்சில் வந்தது 1689 இன் இறுதியில்தான். அதே ஆண்டின் உரிமைச் சட்டமும் மனிதரின் இயற்கை உரிமைகளைப் பற்றிப் பேசவில்லை, ஆங்கிலேயரின் தொன்மையான உரிமைகளைப் பற்றியே பேசியது. சட்டவாக்கம், நிருவாகம், நீதி என்ற மும்மைப் பிரிவினையையும் லொக்கின் கணக்கில் எழுதக் கூடாது. அது 1748 இல் மொன்டெஸ்கியூ வகுத்த வடிவம்.

இயற்கை உரிமையையும் அடிப்படை உரிமையையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த தவறு. 1776 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம், பறிக்க முடியாத உரிமைகளோடு மனிதர் படைக்கப்பட்டுள்ளனர் என்றும் அவற்றைக் காக்கவே அரசாங்கங்கள் அமைக்கப்படுகின்றன என்றும் கூறுகிறது. ஆனால் 1787 இல் வரையப்பட்ட அரசியலமைப்பில் உரிமைப் பட்டயம் இருக்கவில்லை. முதற் பத்துத் திருத்தங்களாக அது சேர்க்கப்பட்டது 1791 இல். இயற்கை உரிமை என்பது அரசுக்கு முன்னரே இருப்பதாகக் கோரப்படுவது. அடிப்படை உரிமை என்பது அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டு, நீதிமன்றில் வலியுறுத்த இடமளிப்பது. முதலாவதை வெற்றுப் பேச்சு என்று ஆங்கிலத் தத்துவஞானி பெந்தம் நிராகரித்தார். அவரை ஏற்காதவர்களும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காண வேண்டும். நம் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சிந்தனைச் சுதந்திரமும் (10), சித்திரவதையிலிருந்து விடுதலையும் (11), சட்டத்தின் முன் சமத்துவமும் (12(1)) 'எந்த ஆளுக்கும்' உரியவை. பேச்சுச் சுதந்திரம் முதலிய 14 ஆம் உறுப்புரையின் உரிமைகளோ 'பிரசைக்கு' உரியவை. மனிதராய்ப் பிறந்ததால் வரும் உரிமையும் உறுப்பினராய்ச் சேர்ந்ததால் வரும் உரிமையும் அந்த இரு சொற்களிலும் பிரிந்து நிற்கின்றன. யாரைப் பிரசை என்று ஏற்பது என்ற கேள்வி இந்நாட்டில் எவ்வளவு கொடுமையாகத் தீர்க்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அந்தப் பிரிவை அலட்சியமாகக் கடக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியே எல்லாவற்றிலும் பாரதூரமான தவறுக்கு நம்மை இட்டுச் செல்கிறது: மக்கள் இறைமையைப் பெரும்பான்மையின் விருப்பம் என்று சுருக்குவது. 1947 ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பில் 29(2) ஆம் பிரிவு இருந்தது. ஒரு மதத்தின் சுதந்திரமான அனுட்டானத்தைத் தடுக்கும் சட்டமும், ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத இயலாமையைச் சுமத்தும் சட்டமும், மற்றவர்களுக்கு இல்லாத சலுகையை வழங்கும் சட்டமும் ஆக்கப்படக் கூடாது என்று அது தடை செய்தது. மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமை பிரசாவுரிமையோடு பிணைக்கப்பட்டது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இரண்டையும் இழந்தனர். சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953 இல், அன்று நம் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம், அது 29(2) ஐ மீறவில்லை என்று தீர்த்தது. பதினோர் ஆண்டுகளின் பின், இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், அதே கழகம் அப்பிரிவைப் பற்றி வேறு தொனியில் பேசியது. வழக்கு இலஞ்ச நியாயசபை உறுப்பினர்களின் நியமனம் பற்றியது. ஆயினும், 29(2) இல் உள்ளவை இலங்கைப் பிரசைகள் தமக்குள் இந்த அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டதன் அடிப்படை நிபந்தனைகள், எனவே அவை மாற்ற முடியாதவை என்று தீர்ப்பில் பியர்ஸ் பிரபு குறிப்பிட்டார். வழக்கைத் தீர்க்க அவசியமற்ற கூற்றாக அது இருந்தாலும், சமூக ஒப்பந்தக் கோட்பாட்டின் சாரத்தை நம் நாட்டைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு வாசகத்தை நான் அறியேன். பெரும்பான்மையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே. பிறர் சேர்ந்ததற்கான நிபந்தனையை அது தன் எண்ணிக்கையைக் கொண்டு நீக்க முடியாது.

நடந்தது வேறு. 1970 இல் நவரங்கஹலவில் கூடிய அரசியல் நிர்ணய சபை, முன்னைய சட்டத் தொடர்ச்சியை வேண்டுமென்றே துறந்து புதியதொன்றை வரைந்தது. தமிழரசுக் கட்சி 1971 இல் அதிலிருந்து விலகியது. 1972 இல் நிறைவேறிய அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் முதன்முறையாக இடம்பெற, 29 ஆம் பிரிவு இல்லாமற் போயிற்று. உரிமை அத்தியாயம் இருப்பதால் பாதுகாப்பு கூடிவிட்டது என்று எழுதுவோர், அதே அத்தியாயம் பரந்த மட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். கோட்பாட்டின் சொந்த அளவுகோலால் அளந்தால், ஒரு தரப்பின் சம்மதமின்றி ஒப்பந்தம் திருப்பி எழுதப்பட்டது. ஒப்பந்தத்துக்கு வெளியே சிலரை நிறுத்தும் பழக்கம் அதன் பிறப்பிடங்களிலும் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது: 1787 இன் அமெரிக்க அரசியலமைப்பு அடிமை முறையை விட்டுவைத்தது, 1789 இன் பிரெஞ்சுப் பிரகடனம் பெண்களை விட்டுவிட்டதென்று பிரெஞ்சு எழுத்தாளர் ஒலிம்ப் டி கூஜ் 1791 இல் பெண்களுக்கான பிரகடனத்தை எழுத வேண்டியதாயிற்று.

கடைசியாக, எழுதப்பட்ட உரிமை காக்கப்பட்ட உரிமை என்று நம்புவது. இயற்கை நிலையில் இல்லாதவையாக லொக் மூன்றைச் சொல்கிறார்: அறியப்பட்ட சட்டம், நடுநிலையான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை. ஓர் அரசியலமைப்பை இந்த மூன்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நம்முடையதில் 16 ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 80(3) இன்படி, சபாநாயகரின் சான்று பதிந்த பின் ஒரு சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். நிருவாகச் செயலால் உரிமை மீறப்பட்டவர் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கைதுசெய்யப்பட்டு, பயத்தாலும் பணமின்மையாலும் இரண்டு மாதம் கழித்துச் சட்டத்தரணியைத் தேடி வருபவருக்கு எதேச்சையான கைதைத் தடுக்கும் 13 ஆம் உறுப்புரை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பயன் குறைவு. அதற்கு ஒரு வழி 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில் உண்டு: அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் மனுவுக்கான காலக்கெடுவில் சேர்க்கப்படுவதில்லை.