தோட்டத்து வீட்டில் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தால்

முதலில் அது தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணி தோலைக் கடித்துப் பிடித்து ஒரே இடத்தில் தொங்கும். பேன் மெதுவாக ஊரும். தெள்ளு காப்பித்தூள் நிறத்தில், இரண்டு பக்கமும் நசுக்கிவிட்டது போலத் தட்டையாக இருக்கும்; முடியை விலக்கியதும் வழுக்கி ஓடும், இல்லையென்றால் தாவும். வால் தொடங்கும் இடம், கழுத்து, அடிவயிறு மூன்றையும் தேடுங்கள்.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதன் கழிவு படும். தலைப்பேன் வாரும் நெருக்கமான கம்பிச் சீப்பால் பூனையின் முதுகை வால்வரை வாரி, சீப்பில் வந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். அரை நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவினால் அது பூனையின் ரத்தம், தெள்ளு குடித்து வெளியேற்றியது. கறுப்பாகவே கிடந்தால் வெறும் மண். சீப்பில் மாட்டிய பூச்சியைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் மேலே மிதந்து மறுபடி தாவிவிடும்.

பூனை மேல் ஓடுவது ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்குதான். மீதி முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வீட்டில்தான் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகூட இடும். அவை ஒட்டாத முட்டைகள். பூனை படுத்த பாயிலும் சோபா இடுக்கிலும் அஞ்சடியிலும் (முன் வராந்தாவிலும்) உதிரும். புழுவுக்கு வெயில் ஆகாது, ஈரப்பதமும் நிழலும் வேண்டும். பலகை வீட்டின் அடியில் இருக்கும் குளிர்ந்த மணலும் பலகை இடுக்குத் தூசும் அதற்குச் சொர்க்கம். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். குளிர்நாட்டில் பனிக்காலத்திலாவது கொஞ்சம் ஓயும், இங்கே பன்னிரண்டு மாதமும் அதன் காலம்தான்.

மருந்து

கழுத்தில் விடும் சொட்டு மருந்துதான் முதல் வேலை. ஃபிப்ரோனில், செலாமெக்டின், இமிடாகுளோபிரிட் ஆகிய மூன்றில் ஒன்று பூனைக்கென்றே விற்கும் பெட்டியில் இருக்கும். எடையைப் பார்த்து வாங்குங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் கணக்கு வந்துவிடும். எந்த வயதிலிருந்து போடலாம் என்பதும் பெட்டியில் இருக்கும். பெரும்பாலானவை எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது.

பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் முடியை வகிடு எடுப்பது போல இரண்டாகப் பிரியுங்கள். வெள்ளைத் தோல் தெரிய வேண்டும். குழாயின் நுனியைத் தோலில் வைத்து முழுவதையும் பிதுக்குங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல, தோலில் விடாமல் முடியின் மேல் விட்டதால் வருபவை. போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். நக்கிவிட்டு நுரையாக வாயொழுகினால் பெரும்பாலும் கசப்புதான், சீக்கிரம் நிற்கும்.

வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும். சொறியாத பூனையையும் விடக்கூடாது, நாய் இருந்தால் அதற்கு நாய் மருந்து. மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம். அதற்குமுன் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நாய்க்கான சொட்டு மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் ஈரல் அதைச் சிதைக்க முடியாது. சில மணி நேரத்தில் உடல் வெடவெடக்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே பாத்திரச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, துடைத்து, மருந்து அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்புங்கள். அந்த மருந்து போட்ட நாயையும் மூன்று நாளாவது பூனையோடு படுக்க விடாதீர்கள்.

சூடம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், பூண்டு எல்லாமே பூனைக்கு விஷம். வேப்பெண்ணெயும் வேண்டாம். மேலே தடவியதைப் பூனை முழுக்க நக்கித் தின்றுவிடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வீடு

துணி, பாய் விரிப்பு, பூனையின் சாக்கு எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரிச் சுடுநீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். வேக்கூம் இருந்தால் முதல் இரண்டு வாரம் தினமும் இடுக்கு, மூலை, சோபா அடி எல்லாம் இழுத்து, குப்பையைப் பையில் கட்டி வெளியே போடுங்கள். இல்லாவிட்டால் தூசைக் கூட்டி அள்ளிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். பலகை வீட்டின் அடியில் கிடக்கும் பழைய சாக்கு, அட்டை, மட்டையை அகற்றி வெளிச்சமும் காற்றும் படச் செய்யுங்கள். ஸ்பிரே அடிப்பதென்றால் மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் கலந்ததாகப் பாருங்கள். அவைதான் முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுப்பவை. காயும்வரை பூனை, கோழி, பிள்ளைகள் வெளியே; மீன்தொட்டியை மூடிவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் புதுத் தெள்ளு வரும். கூட்டுப்புழுவின் ஒட்டும் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. அது பல மாதம்கூட உள்ளேயே காத்திருந்து, அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே வரும். தீபாவளிக்கு இரண்டு வாரம் பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் கும்பலாக ஏறுவது இதனால்தான். மருந்து போட்ட பூனை மேல் ஏறியவை செத்துக்கொண்டே வரும், ஆறு எட்டு வாரத்தில் ஓயும்.

குட்டியும் குடற்புழுவும்

சின்னக் குட்டிக்குத் தெள்ளு சொறி மட்டும் அல்ல, ரத்தச்சோகை. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை தாங்காமல் போகலாம். மருந்து போட வயது வராத குட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் துளிப் பாத்திரச் சோப்பு விட்டுக் குளிப்பாட்டலாம். கழுத்தைச் சுற்றி முதலில் நுரை வையுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் தலைக்கு ஏறும். உடனே துண்டால் ஒற்றிச் சூடாக வைத்து, தினமும் சீப்பால் வாருங்கள். தாய்க்கு என்ன போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பூனையின் ஆசனவாயில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை நக்கி விழுங்குவதால் வருவது. பிராசிகுவான்டெல் மாத்திரை புழுவைக் கொல்லும், தெள்ளு ஒழியாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் பூனைக்குச் சோறு வைப்பவர்கள், அதை உள்ளே விடும் முன் எடை பார்த்து, மருந்து போட்டு, இரண்டு நாள் குளியலறையில் தனியாக வையுங்கள். அந்த அறையில் துணி வேண்டாம். பழைய நாளிதழை விரித்து, தினமும் சுருட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.