பாரிசவாதத்துக்குப் பிறகு நிமோனியா: வீட்டாக்கள் விடுற பிழைகள்

பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக், வந்தா கை கால் இழுத்ததும் வாய் கோணினதும்தான் எல்லாருக்கும் கண்ணுல படுது, தொண்டையும் சேர்ந்து பலம் குறைஞ்சிருக்கும்னு யோசிக்கிறது குறைவு. ஸ்ட்ரோக் வந்த ஆக்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஆரம்பத்துல விழுங்குறதுல பிரச்சினை இருக்கும். அந்த நேரம் தண்ணியோ எச்சிலோ வழி மாறி சுவாசக் குழாய்க்குள்ள இறங்கினா நுரையீரல்ல கிருமி பிடிச்சு நிமோனியா ஆகிரும், பெரும்பாலும் முதல் கிழமைக்குள்ளயே.

அதனால பெரிய பிழை, ஆள் விழுந்த உடனே வாயில எதையாவது ஊத்துறது. நம்ம திருகோணமலையில 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சிட்டு அது வாறதுக்குள்ள ஒராள் பிளேன்டீ பருக்குவார், இன்னொராள் பனடோல் குடுப்பார், பிறகு வார்ட்டுக்கு பாக்க வாற சொந்தக்காரர் கோணேசர் கோயில் தீர்த்தத்த வாயில விடப் பாப்பார். எல்லாம் பாசத்துலதான், ஆனா தயவுசெய்து வேணாம், தீர்த்தத்த நெத்தியில பூசிவிடுங்க. விழுங்குறத செக் பண்ணி டொக்டரோ ஸ்பீச் தெரபிஸ்டோ சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி, ஒரு குளிசை கூட வாயால குடுக்கக்கூடாது.

"புரைக்கேறல்லையே, இருமல்லையே, நல்லாத்தானே குடிக்கிறார்" அப்பிடின்னு நம்புறதும் பிழைதான். தொண்டையில உணர்ச்சி குறைஞ்சவருக்கு உள்ள போனாலும் இருமலே வராது. குடிச்ச பிறகு குரல் கரகரன்னு ஈரமா கேட்டா உடனே நிப்பாட்டுங்க.

சாப்பிடலாம்னு சொன்ன பிறகும் படுக்க வச்சு ஊட்டாதீங்க, தூக்கக் கலக்கத்துலயும் ஊட்டாதீங்க. நிமிர்த்தி இருத்தி சின்னச் சின்ன வாயா குடுத்து, முடிஞ்சும் அரை மணித்தியாலம் அப்பிடியே இருக்க விடுங்க. சோத்த விட சொதி, இளநி மாதிரி தண்ணியா இருக்கிறதுதான் கூடப் புரைக்கேறும், எவ்வளவு தடிப்பா குடுக்கணும்னு கேட்டுக்கோங்க.

மூக்கால சாப்பாடு குடுக்கிற ட்யூப் போட்டா பயமில்லன்னு வாய் கழுவுறத விட்டுர்றாங்க, இது எனக்கு ரொம்பக் கவலையான விஷயம், ஏன்னா ட்யூப் போட்டாலும் எச்சில் உள்ள இறங்கும், அழுக்கு வாயில இருக்கிற கிருமியும் அதோட போகும். காலையும் இரவும் பல்லு, நாக்கு எல்லாம் சுத்தமாக்கி, இழுத்த பக்கக் கன்னத்துக்குள்ள சாப்பாடு தங்கியிருக்கான்னு பாருங்க, பொய்ப்பல்லயும் கழட்டிக் கழுவுங்க.

முன்கூட்டியே அன்டிபயோடிக் வாங்கிக் குடுக்கிறதுலயும் பிரயோசனமில்ல, 2015ல வெளிவந்த ரெண்டு பெரிய ஆய்வுலயும் அதால நிமோனியா குறையல்ல. வயசானவங்களுக்கு காய்ச்சல் இல்லாமலும் வரும், அதனால மூச்சு வேகமாகி, ஆள் சோர்ந்து, பேச்சு தடுமாறினா விடியட்டும்னு இருக்காம அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.