மெஹந்தி கோன் விற்கும் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் இடறும் இடங்கள்

வீட்டிலேயே மெஹந்தி கோன் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கும் பிள்ளைகள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கில் முதல் நாளே சறுக்கிவிடுகிறார்கள். பொடி, தைலம், சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு கோனுக்கு 12 ரூபாய் ஆகிறது, 40க்கு விற்கிறோம், அப்போ லாபம் 28 என்று போடுகிறார்கள். துணியில் சலித்தபோது வீணான பொடி, பிதுங்கி வெடித்த கோன், தோழிகளுக்குச் சும்மா கொடுத்தது, கூரியருக்குப் போய்வர அப்பா போட்ட பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுங்கள். அந்த 28 எவ்வளவு இளைக்கிறது என்று தெரியும்.

ரசாயனம் கலக்காத கோனை ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். வெளியே இருந்தால் சில நாளில் நிறம் மங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பினால் ஞாயிறு முழுக்க கூரியர் ஆபீஸில் வெந்துகொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை “கலரே வரல” என்று மெசேஜ் வரும். திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். நன்றாகக் கறுக்கட்டும் என்று தலைச்சாயப் பொடியை மட்டும் கலந்துவிடாதீர்கள். அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்குக் கையைக் கொப்பளிக்க வைக்கும், தழும்பும் விழலாம்.

பணம் அப்பாவின் ஜிபேயில் விழுந்தால் மளிகையோடு கலந்து காணாமல் போகும். 10 வயது தாண்டியவர்கள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. எனவே மொத்தக் கொள்முதல், வாடகை எல்லாம் பெரியவர் பெயரில் இருக்கட்டும்.

தேதி விஷயத்தைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தை, மாசியில் முகூர்த்தம் குவியும். செய்முறைத் தேர்வும் ஆண்டுத் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். ஆர்டரை ஒப்புக்கொண்டு கடைசி நாளில் கைவிட்டால் அந்தக் குடும்பம் மறக்காது. ஆவணியில் ஓடி ஓடிச் செய்யுங்கள், தையில் “பரீட்சை இருக்கு அக்கா” என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கல்யாணப் பெண்ணின் அம்மா “எவ்வளவும்மா?” என்றால் “பார்த்துக் கொடுங்க ஆன்ட்டி” என்னாதீர்கள். ரேட்டைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கல்யாணத்தில் அது பழகிவிட்டால், கையில் வந்த காசைவிடப் பெரிய வரவு அதுதான் என்பேன். பெரியம்மா மகள் கல்யாணம் மட்டும் விதிவிலக்கு. அங்கே ரேட் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.